பேரிங் வண்டியும் துறைமுகமும்

(சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்ன வயசு விளையாட்டுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோலி, பம்பரம், பட்டம் என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். எனக்கு முன்னால் பேசியவர்களும் அவற்றை விட்டுவைக்கவில்லை. நான் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பேரிங் வண்டி. தொழிலால் நான் மோட்டார் பட்டறைக்காரன். பேச்சில் ஆணியும் போல்ட்டும் கிரீஸும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு முன்னால் ஊரைச் சொல்ல வேண்டும். 1864-இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி ஆரம்பமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் இந்தக் கரையில் வந்து வரிசை கட்டின. கப்பல் நின்றது இங்கே. வியாபாரக் கட்டடங்கள் இருந்தது ஆற்றோரத்தில். நடுவில் குன்றும் சதுப்பும். சரக்கு போகவேண்டுமானால் மாட்டு வண்டிதான். ஓட்டியவர்களில் நம் ஆட்கள் ஏராளம். பக்கத்தில் இருக்கும் சைனா டவுனை மலாய்க்காரர்கள் கிரேத்தா ஆயர் என்று சொன்னதே, மாடு இழுத்து வந்த தண்ணீர் வண்டியைப் பார்த்துத்தான். 1880-இல் ரிக்‌ஷா வந்தது. 1886-இல் டாக்கையும் டவுனையும் சேர்த்து நீராவி டிராம் விட்டார்கள். ரிக்‌ஷாவோடு மல்லுக்கட்ட முடியாமல் 1894-இல் அது நின்றுபோனது. மனுஷன் இழுத்த வண்டி நீராவியைத் தோற்கடித்த ஊர் இது. அதைப் பெருமையாகச் சொல்வதா வேதனையாகச் சொல்வதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

நீல் ரோடு முனையில் கோபுரம் வைத்த ஒரு கட்டடம் நிற்கிறதே, அது 1903-இல் ரிக்‌ஷாக்களுக்காகக் கட்டிய நிலையம். ரிக்‌ஷா இழுப்பது 1947-இல் தடையானது. அறுபது ஆண்டு கழித்து அந்தக் கட்டடத்தை ஜாக்கி சான் வாங்கினார் என்பது பிள்ளைகளுக்காகச் சொல்லும் செய்தி. 1926 முதல் 1962 வரை டிராலி பஸ் ஓடியது. 1932-இல் கெப்பல் ரோட்டில் ரயில் நிலையம் திறந்தார்கள். அதன் முகப்பில் நாலு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். போக்குவரத்துக்கே சிலை வைத்த பேட்டை நம்முடையது.

இவ்வளவு சக்கரங்கள் உருண்ட இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? பின்னால் ஓடுகிற வேலை கிடைத்தது. டிராலி பஸ்ஸின் கொம்பு மேலே கம்பியை விட்டு நழுவினால் கண்டக்டர் இறங்கி மூங்கில் கழியால் மாட்டுவார். அதை வேடிக்கை பார்ப்போம். லாரி மெதுவாகப் போனால் பின்கதவைப் பிடித்துத் தொங்குவோம். ஏறி உட்கார்ந்து திருப்பவும் நிறுத்தவும் நமக்கென்று ஒரு வண்டி வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பம் கடையநல்லூர்க் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், தறி ஓடும் ஊர். அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகாரைச் சுற்றித்தான் அடர்த்தியாகக் குடியிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை இருந்தது, அதனால் இந்தப் பக்கம். அந்தக் காலத்தில் மற்ற ஊர்த் தமிழர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனி ஆளாக வந்து பணம் அனுப்பினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். அதனால்தான் இந்தத் தெருக்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் கூட்டமாக இருந்தோம். பிள்ளைகள் இருந்ததால் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. நானும் அங்கே படித்தவன்தான்.

என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், துறைமுகத்தை நடத்திய ஹார்பர் போர்டின் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். வண்டி செய்ய எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருக்குத் தெரிந்த வண்டி நுங்கு வண்டி. இங்கே இருக்கும் பிள்ளைகளில் அதைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். நுங்கைத் தோண்டித் தின்றபிறகு மிஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் செருக வேண்டும். கவட்டைக் கம்பு ஒன்றால் அந்தக் குச்சியை நடுவில் முட்டித் தள்ளிக்கொண்டே ஓடலாம். இரண்டு சக்கரம், ஓர் அச்சு, ஒரு தள்ளுகோல். ஆணி கிடையாது, காசு கிடையாது. கோடையில் கடையநல்லூர்த் தெருவெல்லாம் இதுதான் என்பார்.

"இங்கே பனைக்கு எங்கே போறது அத்தா?" என்று கேட்டேன்.

"பனைக்கு ஏன்டா போறே? உருண்டையா இருக்கிறது எதுவும் சக்கரந்தான். அச்சு நேரா இருக்கணும், அவ்வளவுதான் விஷயம்," என்றார்.

பட்டறையில் வேலைக்கு வந்த பையன்களுக்கு நானும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நுங்கு வண்டியை மட்டும் விட்டுவிட்டு.

உருண்டையாக இருந்தது எங்களுக்குக் கிடைத்த இடம் லாரிப் பட்டறை. பேரிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஃகில் ஒரு பெரிய வளையம், உள்ளே ஒரு சின்ன வளையம், இரண்டுக்கும் நடுவில் குண்டுகள். ஒரு வளையம் அசையாமல் நிற்கும்போது மற்றது வழுக்கிக்கொண்டு சுழலும். லாரிச் சக்கரத்தில் டன் கணக்கில் பாரம் தாங்குகிற பேரிங், குண்டு கொஞ்சம் தேய்ந்து ஆட்டம் கண்டால் போதும், மெக்கானிக் கழற்றி மூலையில் எறிந்துவிடுவார். லாரிக்குத்தான் அது செத்தது. ஒரு பையனின் எடைக்கு அது இன்னும் பல வருஷம் உழைக்கும்.

பட்டறை வாசலில் போய் நின்று, "தவுக்கே, பேரிங் ரோசாக் அடா?" என்று பாசார் மலாயில் கேட்போம். முதலாளி, கெட்டுப்போன பேரிங் இருக்கிறதா என்று அர்த்தம். நாங்கள் தமிழ், தவுக்கே ஹொக்கியன், கேட்கிற பாஷை மலாய். காசு கேட்க மாட்டார். காப்பி வாங்கிவரச் சொல்வார். அப்போது காப்பியைக் காலியான கட்டிப்பால் டின்னில் ஊற்றி, கயிறு கட்டித் தருவார்கள். சூடு தெறிக்காமல் டின்னை ஆட்டாமல் கொண்டுவந்து சேர்த்தால் ஒரு பேரிங். ஒரு வண்டிக்கு நாலு வேண்டும், நாலும் ஒரே அளவில் வேண்டும். அங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். அவசரக்காரர்கள் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்கு நடந்துபோய்க் காசு கொடுத்து வாங்குவார்கள். எங்கள் கூட்டத்தில் அதற்கு மதிப்புக் குறைவு.

பேரிங்கின் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். 6204, 6205 என்று. அது என்னவென்று ஒரு மெக்கானிக் எனக்குச் சொன்ன நாளில்தான் நான் பட்டறைக்காரன் ஆனேன் என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு; உள் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 04 என்றால் 20; 05 என்றால் 25. 6205-இன் வெளி விட்டம் 52. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதேதான். ஸ்வீடனில் 1907-இல் தொடங்கிய எஸ்.கே.எஃப். செய்ததாக இருந்தாலும் ஜப்பான்காரன் செய்ததாக இருந்தாலும், ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றது உட்கார்ந்துவிடும். வாய்ப்பாடு எதற்குப் படிக்கிறோம் என்று வாத்தியாரிடம் கேட்க நான் பயந்த கேள்விக்கு ஒரு பட்டறைத் தரையில் பதில் கிடைத்தது.

பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சுண்டிவிட்டுக் காதோரம் பிடிப்போம். கரகரவென்றால் உள்ளே துரு. ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஓடினால் நல்ல பேரிங். பிறகு கிரீஸ். கிரீஸ் கிடைக்காதவர்கள் அம்மாவுக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெய் விட்டு, மறுநாள் எறும்பையும் மண்ணையும் அள்ளுவார்கள்.

பலகைக்குப் பஞ்சமே இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் இங்கேதான் திரும்பி வரப்போகிறேன். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு வந்த எல்லாம் மூட்டையிலும் மரப்பெட்டியிலும் வந்தன. தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டியில் வரும். மெஷின் சாமான் தடித்த பலகைக் கூண்டில் வரும். கப்பலின் வயிற்றில் சரக்கு உருளாமல் இருக்க அடியிலும் இடுக்கிலும் பலகை முட்டுக் கொடுத்திருப்பார்கள். சரக்கு இறங்கியதும் அது யாருக்கும் வேண்டாத மரம். கடைக்காரர்கள் பெட்டியை உடைத்து ஐந்தடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், சாய்த்து வைப்பார்கள். எந்த நாட்டு மரம் என்று தெரியாது. ஒன்று சிவப்பாக, ஆணி இறங்காமல் முரண்டு பிடிக்கும். இன்னொன்று வெளுத்து, பிசின் வாசனையோடு பிளக்கும். பெட்டியின் பக்கத்தில் மையால் அச்சடித்த துறைமுகப் பெயர்கள் இருக்கும். என் பூகோளப் பாடத்தில் பாதி அந்தப் பலகைகளில் படித்தது.

செய்முறை இதுதான். உட்காரும் பலகை ஒன்று. பின்னால் ஒரு சட்டத்தைக் குறுக்கே ஆணியடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். முன்னால் இன்னொரு சட்டம். அதை ஒரே ஒரு போல்ட்டால் நடுவில் கோத்துத் திரும்ப விட வேண்டும். சட்டங்களின் முனைகளைக் கத்தியால் உருண்டையாகச் செதுக்கிப் பேரிங்கை அடித்து ஏற்ற வேண்டும். அதிகமாகச் செதுக்கினால் பேரிங் ஆடும், குறைவாகச் செதுக்கினால் அடிக்கும்போது மரம் பிளக்கும். இறுகாவிட்டால் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஏற்றலாம். முன் சட்டத்தின் இரண்டு பக்கமும் காலை வைத்துத் திருப்ப வேண்டும்; வசதிப்பட்டவர்கள் கயிறும் கட்டுவார்கள். பிரேக் என்பது ஜப்பான் சிலிப்பரின் குதிகால். சிலிப்பருக்காக வீட்டில் விழுந்த அடியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடம்? தஞ்சோங் பகார் ஒரு காலத்தில் குன்றுகள் நிறைந்த பகுதி. வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டித்தான் கரையை நீட்டினார்கள். எங்கள் நல்ல நேரம், டக்ஸ்டன் மேடும் புக்கிட் பாசோவும் ஆன் சியாங் மேடும் தப்பித்தன. டக்ஸ்டனில் இறக்கம் நன்றாக இருக்கும், லாரி குறைவு. புக்கிட் பாசோ வளைந்து இறங்கும். அது பெரிய பையன்களுக்கு. ஐந்தடியில் ஓடவிட்டால் ஓட்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எஃகு எழுப்பும் சத்தத்தில் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுவார்கள், நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. துறைமுகத்துப் பக்கம் தண்டவாளம் இருந்தது. 5 சென்டிமீட்டர் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கினால் வண்டி நிற்கும், ஓட்டுபவன் நிற்க மாட்டான்.

இந்த வண்டியில் பிறவிக்குறை ஒன்று உண்டு. முன் சட்டம் முழுவதும் ஒரே போல்ட்டில் திரும்புவதால், கடுமையாக வளைத்தால் முன்சக்கரம் ஒன்று பலகைக்கு அடியில் வந்துவிடும். தாங்குகிற அகலம் சுருங்கி வண்டி குடைசாயும். பழைய நாலு சக்கரக் குதிரை வண்டிகளுக்கும் இதே வியாதி. மியூனிக்கில் வண்டி கட்டிக்கொண்டிருந்த லாங்கென்ஷ்பெர்கர் என்பவர் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்: சட்டத்தை அசையாமல் வைத்து, இரண்டு முனையிலும் சக்கரத்தை மட்டும் தனித்தனியாகத் திருப்புவது. இங்கிலாந்தில் 1818-இல் அக்கர்மன் தன் பெயரில் பேட்டண்ட் வாங்கினார். இன்றைக்கும் பெயர் அவருக்குத்தான். உங்கள் வீட்டுக் கார் அந்த வழியில்தான் திரும்புகிறது. பட்டறையில் முதன்முதலாக ஸ்டியரிங்கைக் கழற்றியபோது, என் முழங்கால் தழும்புகளுக்குக் காரணம் புரிந்தது.

எங்களில் சின்னப் பையன்கள் மூன்று பேரிங்கில் செய்வார்கள். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. நாலு கிடைக்கவில்லை என்பது வெளியில் சொல்லும் காரணம். ஆனால் மூன்றில் ஒரு நன்மை இருக்கிறது. மேடு பள்ளமான தரையில் நாலு சக்கரத்தில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நின்று தடதடக்கும். மூன்று சக்கரம் எந்தத் தரையிலும் மூன்றுமாகத் தொட்டு நிற்கும். பட்டினப்பாலை படித்தவர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் நெல் காயும் முற்றத்தில் பெண்கள் கோழியை விரட்டக் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். பிள்ளைகள் உருட்டிவரும் சிறுதேரின் வழியில் அது தடையாகக் கிடக்கிறது. அந்தத் தேருக்குக் குதிரை இல்லை, சக்கரம் மூன்று என்று புலவர் எண்ணிச் சொல்கிறார். ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம் என்று உரையில் படிக்கிறோம், சரிதான். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: அந்தப் புலவர் பிள்ளைகளின் வண்டியைக் குனிந்து பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு துறைமுகப் பட்டினம் என்பதை இந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரேசிலில் பிள்ளைகள் பழைய பேரிங்கில் செய்யும் வண்டிக்கு ரோலிமா வண்டி என்று பெயர். படத்தில் பார்த்தால் டக்ஸ்டன் மேட்டில் எடுத்தது என்று சத்தியம் செய்வீர்கள். அமெரிக்காவில் 1934-இல் சோப்பு டப்பா வண்டிப் பந்தயத்தைத் தேசியப் போட்டி ஆக்கினார்கள். மறுவருடம் அது ஓஹாயோவில் அக்ரன் நகரத்துக்குப் போனது. செவர்லே கார் கம்பெனி பணம் போட்டது. விதிமுறை, கோப்பை, கல்விப் பரிசு எல்லாம் வந்தன. 1973-இல் ஜெயித்த பையனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துப் பரிசைப் பறித்தார்கள். கிளம்பும்போது முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்பு சாயும் அல்லவா, காந்தம் அதோடு சேர்ந்து வண்டியை இழுத்துவிடும். மூளைக்காரத் திருட்டு. பெரியவர்கள் கோப்பை வைத்தால் பிள்ளைகளின் வண்டியிலும் காந்தம் ஏறும் என்பது என் அபிப்பிராயம். எங்கள் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு ஐஸ் பந்து, அதுவும் தோற்றவன் காசில்.

அக்கா தங்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் தள்ளினார்கள். மேட்டில் வண்டியை ஏற்றினார்கள், சாமான் தேடினார்கள், அம்மா வருகிறார்களா என்று பார்த்தார்கள். ஓட்டும் முறை மட்டும் அவர்களுக்கு வராது. இதை இனிப்பாகச் சொல்ல வழியில்லை, அது அநியாயம். என் தங்கை பின்னாளில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கார் லைசென்ஸ் எடுத்தாள்.

இந்த வண்டிகள் எங்கே போயின? டிவி வந்தது, பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் டிவி 1963-இல் வந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். சமூக மன்றத்தில் டிவி பார்ப்பதற்கே வண்டியில் போனோம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு.

1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தூக்குவதைவிடப் பெட்டியோடு தூக்குவது மலிவு என்பது அவர் கணக்கு. 1964-இல் ஹார்பர் போர்டு போய்ப் பிஎஸ்ஏ என்ற துறைமுக ஆணையம் வந்தது; அவர்கள் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் கட்டினார்கள். 1972 ஜூன் 23-ஆம் தேதி, ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களோடு நிஹோன் என்ற கப்பல் வந்து நின்றது. அத்தாவைப் போன்றவர்களின் தோளுக்கு வேலை குறைந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விட்டது இது: மரம் வருவது நின்றுவிட்டது. சரக்கு இரும்புக்குள் வந்து, இரும்போடு ஜூரோங்குக்குப் போய், அங்கே தொழிற்சாலைக்குள் திறந்தது. ஐந்தடியில் சாய்த்து வைக்கப் பெட்டி இல்லை, முட்டுப் பலகை இல்லை. அதே ஆண்டுகளில் பட்டறைகளும் வீடுகளும் இடம் மாறின. நாங்கள் அடுக்குமாடிக்குப் போனோம். அங்கே சிமெண்டுத் தரை வழவழவென்று பேரிங்குக்கென்றே போட்டதுபோல் இருந்தது. ஆனால் இறக்கம் இல்லை, பலகையும் இல்லை.

அந்த முனையமும் 2017-இல் காலியானது; துறைமுகம் பாசிர் பாஞ்சாங், துவாஸ் என்று மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசியாகக் கிளம்பியது. காரென்றால் அதை வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழான சிஓஇ மட்டுமே 2023-இல் 100,000 வெள்ளியைத் தாண்டிய ஊரில், காப்பி வாங்கிக் கொடுத்து வண்டி சேர்த்த கதை பிள்ளைகளுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக ஒரு தொழில் விஷயம். கொள்கலனை இழுக்கும் பிரைம் மூவரைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் டிரெய்லர் முழுவதும் 2 அங்குலத் தடிப்புள்ள ஒரே ஒரு கிங் பின்னில் மாட்டித் திரும்புகிறது. அதாவது எங்கள் வண்டியின் போல்ட்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் முனையம் திறந்த பிறகு பிரைம் மூவர் ஓட்டப் போனார். டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். புதியவர்கள் திணறும் இடம் அதுதான். நாங்கள் இரண்டு வண்டிகளைப் போல்ட்டில் கோத்து ரயில் விட்டவர்கள். பின்னுக்குத் தள்ளுவது அவருக்குக் கைவந்த வேலையாக இருந்தது.

போல்ட்டை முன் சட்டத்தின் நடுவில் போடுவதா, நடுவிலிருந்து இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிப் போடுவதா என்பதில் மட்டும் எனக்கும் அவருக்கும் அந்த நாளிலேயே சண்டை. நடுவில் போட்டால் திருப்புவது லேசு. பின்னால் தள்ளினால் இறக்கத்தில் வண்டி உதறாது என்பது அவர் கட்சி. கணக்குப்படி அவர் சொல்வது தப்பு என்று நான் படம் போட்டே காட்டியிருக்கிறேன். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இப்போதே தலையை ஆட்டுகிறார். கேள்வி நேரத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.